ஒன்பது மில்லிமீட்டர் அவகாசம்

அவரைத் தெருவில் எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பெயரைக் கேட்டுத் தப்புக் கணக்குப் போட்ட வெளியூர்க்காரர்கள் உண்டு. ஒருவர் நேராகக் கடைக்குள்ளேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, சரக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டார். மில்லி அவரை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்து, முடியை வெட்டி அனுப்பினார். சொட்டு மது தொடாத மனிதர். அந்த மில்லி வேறு, இந்த மில்லி வேறு. இது மில்லிமீட்டரின் செல்லப் பெயர்.

அவர் முடிதிருத்துபவர். தெருமுனையில் ரொட்டிக்கடைக்கும் அவர் மனைவியின் தையற்கடைக்கும் நடுவே, இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்போருக்கு ஒரு பெஞ்சு என்று கச்சிதமான சலூன். அவருடைய தலையில் அளப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "தனக்கு இல்லாத குறைக்குத்தான் ஊரான் மயிரை இப்படி அளந்து அளந்து பாக்கறாரு" என்பது ரொட்டிக்கடைக்காரரின் ஆராய்ச்சி முடிவு.

பக்கத்திலேயே துறைமுகம் இருப்பதால் பல நாட்டுத் தலைகள் அந்தக் கடைக்கு வரும். மனித குலம் எதிலெல்லாம் ஒற்றுமைப்பட்டாலும் முடியை அளப்பதில் மட்டும் ஒற்றுமைப்படாது என்பதை நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். சில நாட்டார் மில்லிமீட்டரில் கேட்பார்கள். சில நாட்டாருக்கு நம்பர்தான். மெஷின் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்புக்கு ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கும் எண். அதில் ஒவ்வொரு எண்ணும் அரைக்கால் அங்குலம். சிலர் விரலைக் காட்டி, "ரெண்டு விரல் எடுங்க" என்பார்கள். விரல் ஆபத்தான அலகு. ஒரு கப்பல் தொழிலாளியின் விரல் மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தது. மில்லியின் விரலோ பென்சில். யார் விரல் என்று பேசி முடிக்கவே அன்று பத்து நிமிஷம் ஆனது. இன்னும் சிலர் காலத்தால் அளப்பார்கள். "ரெண்டு மாசத்து முடியை மட்டும் எடுத்துடுங்க." முடியை மாதக் கணக்கில் அளக்கிறார்களே என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அப்படிச் சிரித்ததற்குப் பின்னால் பதில் சொல்லவேண்டி வந்தது.

இவ்வளவு குழப்பத்துக்கும் மில்லி கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று. எல்லாரிடமும் இரண்டு தடவை கேட்பார்.

"எவ்வளவு வைக்கட்டும்?"

"ஆறு."

"ஆறு மில்லியா, ஆறாம் நம்பரா?"

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் அவர் மெஷினைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. முப்பது வருஷமாக வாரம் தவறாமல் வந்து "மூணு" என்று சொல்கிற ரொட்டிக்கடைக்காரரையே இன்றும் கேட்பார். "யோவ், நான் இந்த ஊர்லயே பொறந்தவன்யா" என்று அவர் கத்துவார். "இருக்கட்டும். மூணு மில்லியா, மூணாம் நம்பரா?" வலது தட்டில் மில்லிமீட்டர் சீப்புகள், இடது தட்டில் நம்பர் சீப்புகள். பதில் வந்த பிறகுதான் கை எந்தப் பக்கம் போவது என்று முடிவாகும்.

வீட்டிலும் இதே ஏற்பாடு. மனைவி அங்குல நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் கழுத்தில் தொங்கும் டேப்பில் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் சென்டிமீட்டர். அந்தத் தம்பதியின் இல்லறத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அந்த டேப்பைக் காட்டிவிடலாம். இருவரும் ஒரே நீளம்தான். ஒருவர் படிப்பது மற்றவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

இவர்களுக்கு ஒரே மகள். சிறுமியாக இருந்தபோது பள்ளி விட்டு வந்து அப்பா கடையில் முடி பெருக்குவாள். வளர்ந்து, மேஜை நாற்காலி விற்கும் பெரிய கடையில் ஆர்டர் எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். அங்கேதான் விதி ஒரு மேஜை வடிவில் வந்தது.

ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசி, சாப்பாட்டு மேஜை வேண்டும், உயரம் முப்பது என்றார். இவள் முப்பது என்று எழுதிக்கொண்டாள். முப்பது சென்டிமீட்டர் உயரத்தில், கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம் எழும்பி, ஒரு மேஜை அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் கடைக்கு வந்து ஆடித் தீர்த்திருப்பார்கள். இவர் ஒரு மாதம் தரையில் உட்கார்ந்து அதில் சாப்பிட்டார். இந்த நாட்டு வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாராம். பிறகு கடைக்கு வந்து பணிவாகக் கேட்டார்: "இந்த மேஜைக்கு ஏத்த நாற்காலி ஏதாவது இருக்குங்களா?"

இப்படிக் கேட்ட ஒரு மனிதரைக் கல்யாணம் செய்துகொள்வதைத் தவிர ஒரு பெண்ணுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

அவர் இசைப் பள்ளியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு மறுபடி ஒன்று. எண்ணிக்கை நாலுக்கு மேல் போகாத தொழில். நாலு என்றால் நாலுதான். நாலு என்ன என்று அவரை யாரும் கேட்டதில்லை.

ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. திங்கட்கிழமை பதிவுக் கல்யாணம், அடுத்த நாள் இருவரும் அவர் நாட்டுக்குப் பயணம் என்று ஏற்பாடாயிற்று. மில்லி எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "பையன் எப்படி?" என்று கேட்டால், "தாளம் தப்பாம இருக்கார்" என்பார். மகள் போவதைப் பற்றிக் கேட்டால், "கண்ணாடி தொடைக்கணும்" என்று எழுந்துவிடுவார். அந்த மாதம் அந்தக் கடைக் கண்ணாடி பளபளத்ததைப் போல் வேறெந்த மாதமும் பளபளத்ததில்லை.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை முடிவெட்ட வந்தார். பெஞ்சில் நானும் ரொட்டிக்கடைக்காரரும் இருந்தோம். ஆகவே இது கண்ணால் கண்ட சாட்சி.

"வாங்க, உட்காருங்க" என்றார் மில்லி.

"மாமா, என்னை நீங்க வா போன்னே சொல்லலாம்."

இன்னும் கையெழுத்தே ஆகவில்லை, அதற்குள் மாமா! மில்லி துணியைப் போர்த்தினார். தூரிகை மாதிரி அடர்ந்து, காதை மூடிய முடி. அதில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, ஏதோ வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுப்பதுபோல் கேட்டார்.

"உங்க ஊர் ரொம்ப தூரமோ?"

"நடுவுல ஒரு இடத்துல இறங்கி வேற விமானம் ஏறணும் மாமா. நாலாயிரம் மைல் இருக்கும்."

தண்ணீர் தெளிக்கிற கை நின்றது. பிறகு மறுபடி தெளித்தது. தேவைக்கு மேலேயே தெளித்தது.

"எவ்வளவு வைக்கட்டும்?"

"நாலு."

மில்லியின் கை வலது தட்டுக்குப் போயிற்று. ரொட்டிக்கடைக்காரர் என் தொடையில் கிள்ளினார். எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் மெஷின் நெற்றியில் ஏறிப் பிடரியில் இறங்கிவிட்டது.

மெஷின் ஓய்ந்தது. மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. துணிக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்து, முடி இருந்த இடத்தைத் தேடிப்பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. நெற்றிக்கு மேலே, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பழைய தழும்பு, அரைவட்டமாக, பளிச்சென்று இருந்தது.

"நல்லா இருக்கு மாமா" என்றார். முப்பது சென்டிமீட்டர் மேஜையில் ஒரு மாதம் சாப்பிட்ட மனிதர் வேறென்ன சொல்வார்?

ரொட்டிக்கடைக்காரருக்கு அன்று ரொட்டி விற்கவே நேரமில்லை. "வேணும்னே பண்ணிட்டாரு. ஊர்ல உள்ள ஒவ்வொருத்தனையும் ரெண்டு தடவை கேக்கறவரு, மாப்பிள்ளையை மட்டும் ஏன் கேக்கலை? பொண்ணு போறதைத் தடுக்கப் பாக்கறாரு. மயிரைக் கட்டி மலையை இழுக்கறதுன்னு சொல்வாங்களே, இவரு இழுத்துட்டாருய்யா!" விளக்கு வைப்பதற்குள் செய்தி தெருவின் மறுமுனையைத் தொட்டுத் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வரும்போது மாப்பிள்ளையின் ஒரு காதும் போயிருந்தது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் விசாரணை. தையற்காரம்மா நீதிபதி, டேப் கழுத்தில் இருந்தது. மகள் வக்கீல்.

"அப்பா, நாலாம் நம்பர்னா பதிமூணு மில்லின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"இவர் ஊர்ல எல்லாரும் நம்பர்லதான் சொல்வாங்கன்னு தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எப்படிப்பா?"

மில்லி தண்ணீர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்து அலகுகளெல்லாம் தெரிந்த மனிதருக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வசதி இல்லை. "கை தவறிடுச்சும்மா" என்றார்.

"உங்க கை தவறாதுப்பா. அதான் பயமா இருக்கு."

அதற்குள் மாப்பிள்ளையின் கைப்பேசி அலறியது. சம்பந்தியம்மா. மகனைப் பார்த்தவர் திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். "அந்தத் தழும்பு தெரியுதேடா" என்றார். சின்ன வயதில் அம்மா கையிலிருந்து நழுவி மாடிப்படியில் விழுந்த பிள்ளை. அதை மூடிவைக்கத்தான் இத்தனை நாள் அந்தத் தலையில் முடி வளர்ந்ததே. "கல்யாணப் போட்டோவுல அதை நான் ஆயுசுக்கும் பாத்துட்டிருக்க முடியாது. அரை இஞ்சாவது வளரட்டும். அப்புறம் வெச்சுக்கலாம்."

அரை அங்குலம் என்றால் பதிமூன்று மில்லிமீட்டர். தலையில் இருப்பது நாலு. மிச்சம் ஒன்பது. முடி வளர்கிற வேகத்தில் மூன்று வாரமும் சொச்சமும் ஆகும். பதிவு அலுவலகத்தில் தேதி மாறியது, விமானச் சீட்டும் மாறியது. முடியைக் காலத்தால் அளப்பவர்களைப் பார்த்து இனி நாங்கள் யாரும் சிரிக்கப்போவதில்லை.

ரொட்டிக்கடைக்காரரின் வழக்கு இதோடு நிரூபணமாகிவிட்டது. "பாத்தீங்களா? ஒம்பது மில்லி வாங்கிட்டாரு!"

மாப்பிள்ளை நிலைமைதான் பரிதாபம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமனார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைத் தொழில்முறையில் தெரிந்தவர், இப்போது உடம்பாலும் தெரிந்துகொண்டார். வாடகை அறையைக் காலி செய்துவிட்டிருந்ததால், மில்லி வீட்டிலேயே கூடத்தில் அவருக்குப் படுக்கை போட்டார்கள்.

மகள் அப்பாவோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. "அம்மா, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள். அப்பா இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். மில்லிக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான், அது தெருவுக்கே தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை என்பதை ஒன்பது மில்லிமீட்டர் வளர்ந்து முடிவதற்குள் இவள் நம்பாவிட்டால், அப்பா தன் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தார் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறுவாள். அதற்கப்புறம் எந்தச் சீப்பை மாட்டிச் சரிசெய்வது?

ஒரு நாள் காலை, வெயில் மண்டையைப் பிளக்கும்போது, மாப்பிள்ளை கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டுமாக வாசலுக்கு வந்தார். தலையில் முடி இல்லாத குறைக்குக் குல்லாய் வேறு.

"எங்க, பனி மலைக்கா?" என்றார் மில்லி.

"ரேடியோவுல இன்னிக்கு முப்பது டிகிரின்னு சொன்னாங்க மாமா."

அவர் நாட்டுக் கணக்கில் முப்பது என்றால் தண்ணீர் உறைந்துவிடும். மில்லி அந்தக் கோட்டைக் கழற்றி வாங்கி ஆணியில் மாட்டினார். குல்லாயையும் எடுத்தார். அப்படியே, தொழில் பழக்கத்தில், உள்ளங்கையால் ஒரு தடவை தலையைத் தடவிப் பார்த்தார். "ஆறு வந்திருக்கு" என்றார்.

"ஆறாம் நம்பரா மாமா?"

மில்லி சிரித்துவிட்டார். "ஆறு மில்லிப்பா. போ, போய் முகத்தைக் கழுவிட்டு வா."

அன்றுதான் முதல்முதலாக 'போ' என்றும் 'வா' என்றும் சொன்னார். மாப்பிள்ளை கவனித்தார். மகளும் ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கவனித்தாள். ஆனால் ஜன்னலை மூடிக்கொண்டாள்.

தையற்காரம்மா ஒரு மதியம் தைத்துக்கொண்டே மகளிடம் சொன்னார். "நான் இந்த ஊருக்கு வந்தப்ப எங்கப்பா ஒரு வார்த்தை கேக்கலைடி. எவ்வளவு தூரம்னு மைல்லயும் தெரியாது, வேற எதுலயும் தெரியாது. 'தூரம்'னு மட்டும் சொல்வாரு. யார் கேட்டாலும், 'பொண்ணு தூரத்துல இருக்கா.' அவ்வளவுதான். உங்கப்பா பாவம், எல்லாத்தையும் அளக்கத் தெரிஞ்சவரு."

மகள் துணியின் ஓரத்தை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

முடி வளர்வதை உலகத்தில் யாரும் அத்தனை கவனமாகப் பார்த்திருக்கமாட்டார்கள். சம்பந்தியம்மா கைப்பேசியில் பார்த்தார். தெரு நேரில் பார்த்தது. மில்லி மட்டும் பார்க்கப் பயந்தார். ஏழு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. பதினொன்றில் தழும்பு மங்கியது. கல்யாணத்துக்கு முந்தின மாலை, கடைசி வாடிக்கையாளரும் போன பிறகு, மாப்பிள்ளை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். காதோரம் மட்டும் சரிசெய்யவேண்டும்.

மில்லி துணியைப் போர்த்தினார். "எவ்வளவு வைக்கட்டும்?"

"நாலு."

"நாலு மில்லியா, நாலாம் நம்பரா?"

"நம்பர்தான் மாமா."

வாசலில் ஒரு சத்தம். மகள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது செய்த மாதிரியே சுவரோரமிருந்து பெருக்க ஆரம்பித்தாள். பிறகு, தலை நிமிராமலே கேட்டாள்.

"இதை அன்னிக்கு ஏன்ப்பா கேக்கலை?"

மூன்று வாரத்துக்கு மேலாகி, நேராக அவரிடம் வந்த முதல் வார்த்தை. மில்லி இடது தட்டிலிருந்து சீப்பை எடுத்தார், மாட்டவில்லை.

"அன்னிக்கு இவர் நாலாயிரம் மைல்னு சொன்னாரும்மா."

"சரி."

"எனக்கு மைல் வராது. உங்கம்மா மைல்ல சொன்னாலும் நான் உள்ளுக்குள்ள மாத்தித்தான் புரிஞ்சுப்பேன். அன்னிக்கும் மாத்திட்டு இருந்தேன். ஒரு மைலுக்கு ஒண்ணு புள்ளி ஆறு... ஆறாயிரத்தி நானூறு கிலோமீட்டர் வந்துச்சு. தப்பாப் போட்டுட்டேனோன்னு மறுபடி போட்டேன். மறுபடியும் ஆறாயிரத்தி நானூறு. இவர் நாலுன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. ஆனா நான் அங்க இல்லை. ரெண்டாவது கேள்வியை நான் அந்தத் தூரத்துகிட்ட கேட்டுட்டு இருந்தேம்மா. இவர்கிட்ட கேக்க மறந்துட்டேன்."

துடைப்பம் நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை, துணிக்குள் தனக்கு இரண்டு கை இருப்பதே தெரியாதவர்போல் அசையாமல் இருந்தார்.

மகள் வந்து அப்பா பக்கத்தில் நின்றாள். கண்ணாடியில் மூன்று பேரும் தெரிந்தார்கள். "நான் மட்டும் மேஜைக்கு ரெண்டாவது தடவை கேட்டேனாப்பா?" என்றாள். "முப்பதா, முப்பது என்னன்னு கேட்டிருந்தா, இவர் யாரோ, நான் யாரோ."

"அதுவும் சரிதான்."

"அப்பா, ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? அதை மாத்தாதீங்க. மைல்லயே வெச்சுக்குங்க. நாலாயிரம்தான். கிலோமீட்டர்ல போனா வீணா ரெண்டாயிரத்தி நானூறு கூடுது."

மில்லி யோசித்தார். தொழில் தர்மப்படி இது மோசடி. அலகை மாற்றினால் தூரம் மாறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல; அந்த அறிவை வைத்துத்தான் முப்பது வருஷம் பிழைத்திருக்கிறார்.

"குறைச்சல்தான்" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். "உட்கார்ந்திருக்கறவன் கழுத்து வலிக்கப் போவுது. நீ பெருக்கும்மா."

கல்யாணம் நடந்தது. போட்டோவில் தழும்பு இல்லை. சம்பந்தியம்மா திரையில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். மறுநாள் விமானம் போயிற்று. தையற்காரம்மா அன்று கடையைத் திறந்து, ஒரே ஜன்னலுக்கு இரண்டு தடவை திரை அளவெடுத்தார். இரண்டு தடவையும் வேறு வேறு அளவு வந்ததாம்.

அடுத்த சனிக்கிழமை நான் பெஞ்சில் இருந்தேன். நாற்காலியில் ரொட்டிக்கடைக்காரர். மூணு மில்லியா, மூணாம் நம்பரா என்ற சடங்கு முடிந்திருந்தது. மில்லி சீப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மில்லி, பொண்ணு போய்ச் சேந்துட்டாளா? எவ்வளவு தூரம்யா அந்த ஊரு?"

"பக்கம்தான். நாலாயிரம்."

ரொட்டிக்கடைக்காரருக்கு முப்பது வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, நிதானமாக, நாடகத்தில் பேசுவதுபோல் கேட்டார்:

"நாலாயிரம் மைலா, நாலாயிரம் கிலோமீட்டரா?"

மில்லி மெஷினை ஓடவிட்டார்.

"தலையை ஆட்டாதீங்க" என்றார்.